சில ஆண்டுகள் கழித்துத் திறமூலமாகும் மென்பொருள்: தேதியைக் கண்டுபிடிப்பது எப்படி?

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு மென்பொருளின் நிரல் முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது. இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம். அப்படியானால் அது ஓப்பன் சோர்ஸ்தான், அதாவது யாரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய திறமூலம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த பட்டியலில், சர்வர்களை எழுப்ப உதவும் டெராஃபார்ம் மென்பொருளின் 1.6 பதிப்புக்கு எதிரே ‘திறமூலம்’ என்று எழுதியிருந்தேன். அவர்களுடைய வக்கீல் அதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான் உரிமக் கோப்பைத் திறந்தே பார்த்தேன்.

அதில் இருந்தது பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ், சுருக்கமாக பிஎஸ்எல். நிரலை இப்போதே எல்லோருக்கும் காட்டுவோம், ஆனால் சில பயன்பாடுகளுக்குத் தடை உண்டு. குறித்த நாள் வந்ததும் தடை நீங்கி அது உண்மையான திறமூல உரிமமாக மாறும். இதுதான் ஏற்பாடு. யோசனை பழையது. பீட்டர் டாய்ச் தம் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளின் புதிய பதிப்புகளைக் கட்டுப்பாடான உரிமத்தில் வெளியிட்டு, பழையவற்றைப் பிற்பாடு ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் விடுவது வழக்கம். பிஎஸ்எல்லை உருவாக்கியவர்கள் மரியாடிபி என்ற தரவுத்தள நிறுவனத்து ஆட்கள். 2016-இல் தங்கள் மேக்ஸ்ஸ்கேல் 2.0 மென்பொருளுக்கு அதைப் போட்டார்கள். இன்று புழங்கும் 1.1 வடிவம் 2017-இல் வந்தது.

சரி, தேதியைக் கண்டுபிடிப்போம்.

படி 1: சரியான பதிப்பின் உரிமக் கோப்பைத் திறங்கள்

கிட்ஹப்பில் முதலில் கண்ணில் படுவது மெயின் கிளை. அது இன்னும் வெளிவராத பதிப்பின் நிரல். மேலே உள்ள கிளைப் பட்டியலில் ‘டேக்’ (பதிப்பு அடையாளம்) பகுதிக்குப் போய், நீங்கள் நிறுவியிருக்கும் பதிப்பின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டெராஃபார்மில் 1.5.7-ஐத் தேர்ந்தெடுத்தால் மோசில்லா என்ற திறமூல உரிமம் வரும், 1.6.0-ஐத் தேர்ந்தெடுத்தால் பிஎஸ்எல் வரும். டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் உரிமத்தை மாற்றியதால் வந்த கோடு இது. 1.5.7 அன்றும் திறமூலம், இன்றும் திறமூலம். டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு என்ற திறமூல மென்பொருள் பிறந்ததும் அந்தக் கோட்டுக்கு முந்தைய நிரலிலிருந்துதான்.

படி 2: தலையில் உள்ள வரிகளைப் படியுங்கள்

பிஎஸ்எல் ஓர் அச்சடித்த விண்ணப்பப் படிவம் மாதிரி. உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். தலைப்பகுதியில் உள்ள கட்டங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொள்ளும். அதனால் ‘பிஎஸ்எல்லா? அது எனக்குத் தெரியுமே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டங்களைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

‘சேஞ்ச் டேட்’ என்பது மாறும் நாள். சிலர் தேதியையே எழுதிவிடுவார்கள்: கிரிப்டோ நாணயங்களை மாற்றும் யூனிஸ்வாப் மென்பொருளின் 3-ஆம் பதிப்பு உரிமத்தில் 2023 ஏப்ரல் 1 என்று இருந்தது, அன்றே மாறியும்விட்டது. டெராஃபார்மில் ‘வெளியான நாளிலிருந்து நான்கு ஆண்டுகள்’ என்று இருக்கும். ஒருவர் 2099 என்று எழுதி வைத்தாலும் பயப்பட வேண்டாம். முதன்முதலில் பொதுவில் வெளியாகி நான்காம் ஆண்டு நிறையும் நாளில் எப்படியும் மாறும் என்று உரிமத்தின் உடம்பிலேயே இருக்கிறது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது.

‘சேஞ்ச் லைசென்ஸ்’ எந்த உரிமமாக மாறும் என்பதைச் சொல்லும். டெராஃபார்மில் மோசில்லா 2.0, யூனிஸ்வாப்பில் ஜிபிஎல்.

‘அடிஷனல் யூஸ் கிராண்ட்’ அதுவரை உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் அனுமதி. இதற்குப் படி 4-இல் வருகிறேன்.

படி 3: கணக்குப் போடுங்கள்

டெராஃபார்ம் 1.6.0 வெளியானது 2023 அக்டோபர் 4. நான்கைக் கூட்டினால் 2027 அக்டோபர் 4. அவ்வளவுதான் கணக்கு.

புதியவர்கள் வழுக்கும் இடம் இதற்கு அடுத்தது. அன்று ‘டெராஃபார்ம்’ திறக்காது, 1.6.0 மட்டும்தான் திறக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் உரிமம் தனித்தனியாகப் பொருந்தும் என்று பிஎஸ்எல்லே சொல்கிறது. 1.6.1-க்கு வேறு நாள், 1.7-க்கு வேறு நாள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2026-இல் அடைபட்டால், அந்தத் திருத்தம் 2030-இல்தான் திறமூலமாக உங்கள் கைக்கு வரும். 2027-இல் கிடைப்பது ஓட்டையோடு இருக்கும் 2023-இன் நிரல். இன்று வடித்த சோறு பழையதாகும்வரை காத்திருந்து சாப்பிடுகிற கதைதான். சிலருக்கு அதுவே போதும், வங்கிச் சர்வர் ஓட்டுபவருக்குப் போதாது.

படி 4: அதுவரை என்ன செய்யலாம்?

நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், சோதித்துப் பார்க்கலாம். உற்பத்திச் சூழலில், அதாவது நிஜ வேலைக்கு, ஓட்டுவதற்குத்தான் அந்தக் கூடுதல் அனுமதிக் கட்டம். அது காலியாக இருந்தால் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். ஹாஷிகார்ப் தன் கட்டத்தைத் தாராளமாகவே நிரப்பியிருக்கிறது: எங்கள் கட்டணச் சேவைக்குப் போட்டியாக இதையே விற்காதவரை ஓட்டிக்கொள்ளுங்கள் என்பது சாரம். மூன்று பேர் நடத்தும் கடை தன் சொந்தச் சர்வர்களை டெராஃபார்மில் எழுப்பினால் பிரச்சினை இல்லை. அதே கடை ‘டெராஃபார்மை நாங்கள் உங்களுக்காக ஓட்டித் தருகிறோம்’ என்று சந்தா வசூலிக்க ஆரம்பித்தால், வக்கீலைப் பார்ப்பது நல்லது.

இந்தக் கட்டம் நிரப்பும் குழப்பம் வேண்டாம் என்றுதான் சென்ட்ரி நிறுவனம் 2023 நவம்பரில் ஃபங்ஷனல் சோர்ஸ் லைசென்ஸைக் கொண்டுவந்தது. அதில் போட்டிப் பயன்பாட்டுக்கு மட்டும் தடை, இரண்டே ஆண்டு, மாறுவது எம்ஐடி அல்லது அப்பாச்சி என்ற திறமூல உரிமமாக. உங்கள் சொந்த மென்பொருளுக்கு இப்படி ஓர் உரிமம் தேடுகிறீர்கள் என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

படி 5: நிரலைக் கையோடு எடுத்து வையுங்கள்

நாள் வந்ததும் யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. உரிமம் தானாக மாறும். நிறுவனம் கைமாறினாலும் ஏற்கெனவே வெளியிட்ட பதிப்புக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் அடுத்த பதிப்புக்கு எந்த வாக்கும் இல்லை. காக்ரோச்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2019-இல் பிஎஸ்எல்லுக்கு வந்தது, 2024 நவம்பரில் வெளியான 24.3-இலிருந்து வேறோர் உரிமத்துக்குப் போய்விட்டது.

அப்புறம், கிட்ஹப்பில் இருக்கும் நிரல் களஞ்சியத்தையே நிறுவனம் நீக்கிவிட்டால்? உரிமை உங்களிடம் இருக்கும், நிரல் இருக்காது. ஆகவே அந்தப் பதிப்பின் மூலநிரல் கட்டு, உரிமக் கோப்பு, வெளியீட்டுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நாட்காட்டியிலும் ஒரு நினைவூட்டல் போடுங்கள். என்னுடையதில் இப்படி இருக்கிறது: டெராஃபார்ம் 1.6.0, மோசில்லா 2.0, 4 அக்டோபர் 2027, திங்கட்கிழமை.