பழைய பிட்காயின் மைனிங் மெஷின் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"பழைய எஸ்9 ஒண்ணு மலிவா வருதுண்ணே, வாங்கலாமா?" என்று தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டார். எஸ்9 என்பது பிட்காயின் சம்பாதிக்க இடைவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் மெஷின்; அதைத்தான் மைனிங் என்கிறோம். வாங்கும் விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில், அது ஓட எவ்வளவு கரண்ட் கேட்கும்?

முதல் படி. மெஷினின் வாட்டை அதன் டெராஹாஷால் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற வேக அளவு) வகுங்கள். 2016இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9க்கு 1323 வாட், 13.5 டெராஹாஷ், வகுத்தால் 98. புதிய எஸ்21க்கு 3500 வாட், 200 டெராஹாஷ், 17.5தான். அதே வேலைக்குப் பழையது ஐந்தரை மடங்கு கரண்ட் இழுக்கிறது.

இரண்டாவது படி. அந்த எண்ணை 0.024ஆல் பெருக்கினால், ஒரு டெராஹாஷுக்கு ஒரு நாளைக்கு ஆகும் யூனிட் கிடைக்கும். எஸ்9க்கு 2.35, எஸ்21க்கு 0.42. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 19 ரூபாய், 3 ரூபாய் 36 காசு. ஆனால் ஒரு எஸ்9 மட்டுமே இரண்டு மாத பில்லில் சுமார் 1,900 யூனிட் ஏற்றிவிடும். அதனால் வீட்டு இணைப்பு என்றால் கடைசி ஸ்லாப் கட்டணத்தை வைத்தே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது படிதான் முக்கியம். ஒரு டெராஹாஷுக்கு இன்று என்ன வருமானம் என்று பாருங்கள். 'ஹாஷ்பிரைஸ்' என்று தேடினால் கிடைக்கும். கரண்ட் செலவு அதைத் தாண்டினால், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தாலும் அந்த மெஷினின் ஆயுள் முடிந்துவிட்டது. இன்றைய வருமானம் அப்படியே நிற்கும் என்றும் நம்பாதீர்கள். மைனிங் வருமானம் பெரும்பாலும் பிளாக் (பிட்காயின் பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு) ஒவ்வொன்றையும் முடிப்பதற்குக் கிடைக்கும் பரிசுதான்; 2024 ஏப்ரலில் அது 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆனது. உலகில் புதிய மெஷின்கள் சேரச் சேர, 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்தில், பிளாக்கை முடிக்கும் கணக்கின் கடினம் கூடி நம் பங்கு சுருங்கும். ஆகவே வருமானம் பாதியானாலும் தாங்குமா என்று பாருங்கள். காயினை விற்றால் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. கரண்ட் பில்லைச் செலவாகக் கழிக்கவும் முடியாது.

இதெல்லாம் தேறினால் மட்டும் நான்காவது படி: மூடியைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் ஓடிய மெஷினில் சர்க்யூட் போர்டின் செம்பு பச்சை பூத்திருக்கும். அப்படி இருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சுத்தமாக இருந்து வாங்கினாலும் மொட்டைமாடி தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் சூடு இறங்காது. ஏசி போடுவதாக இருந்தால், அதன் வாட்டையும் முதல் படியிலேயே சேர்த்துவிடுங்கள்.