ஏசியைக் கழற்றும்போது கேஸை வெளியே விடாதீர்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்கு வீடு மாற்றினாலும் சரி, பழைய ஸ்பிளிட் ஏசியைக் கழற்றுபவர் நட்டைத் தளர்த்தி 'புஸ்' என்று கேஸை விட்டால் உடனே தடுங்கள். ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஓசோனுக்கும் கேடு. ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனாலும் கிலோவுக்கு 675.

'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள், அதாவது கேஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைக்க வேண்டும். கூலிங்கில் 16 டிகிரி வைத்துப் பத்து நிமிடம் ஓடட்டும். வெளி யூனிட்டில் தடித்த குழாயின் சர்வீஸ் போர்ட்டில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) வலப்புறம் திருகி மூட வேண்டும். முள் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இங்கே தாமதம் கூடவே கூடாது: தளர்ந்த இணைப்பு வழியே காற்று உள்ளே போய், கம்ப்ரஸர் ஆயிலோடு கலந்து அழுத்தம் ஏறினால் கம்ப்ரஸர் வெடிக்கலாம். ஆர்-32 தீப்பற்றும், பக்கத்தில் பீடி, நெருப்பு வேண்டாம்.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் வால்வின் மேல்மூடி துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தைய நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், அடித்துத் திருகினால் வால்வே உடையும். கம்ப்ரஸர் ஓடாத ஏசியா? அதில் பம்ப் டவுன் செய்ய முடியாது. கேஸை உறிஞ்சிச் சேகரிக்கும் ரெக்கவரி மெஷினும் அதற்கான சிலிண்டரும் வைத்திருப்பவரையே கூப்பிடுங்கள். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.