இன்ஸ்டன்ட் கீசரா, டேங்க் கீசரா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் வயரிங், பிளம்பிங் இரண்டும் பார்க்கிறேன். மார்கழி நெருங்கினால் வீட்டுக்கு வீடு இதே கேள்விதான். கடையில் விலையைச் சொல்வார்கள். நான் கேட்பது உங்கள் குழாயில் விடியற்காலையில் வரும் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்பதைத்தான்.

இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலும் 3 கிலோவாட். உள்ளே நிற்பது 1 அல்லது 3 லிட்டர். மற்றபடி ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுட வைக்கிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரிதான் ஏற்றும். மாடித் தொட்டியில் 25 டிகிரி இருந்தால் 39 வரும், தாராளமாகக் குளிக்கலாம். அதே கீசரை ஊட்டியில் மாட்டினால் 12 டிகிரித் தண்ணீர் 26-ஐத் தாண்டாது. குழாயைப் பாதியாகக் குறைத்தால் 40 வரும். ஆனால் 15 லிட்டர் பக்கெட் நிறையப் பத்து நிமிடம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டேங்க்தான் சொல்வேன்.

15 லிட்டர் டேங்க், 2 கிலோவாட்: 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற இருபது நிமிடம் போதும், செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிக்கலாம். நாலு பேர் என்றால் 25 லிட்டர் எடுங்கள். டேங்க் கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள், சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வீணாகிறது என்பதைக் காட்டுவது. குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் பாத்ரூமுக்குப் போவது மெல்லிய லைட் வயர். அதில் மாட்டவே கூடாது. மெயின் பாக்ஸிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், 16 ஆம்ப் சாக்கெட், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எந்தக் கீசர் வாங்கினாலும் எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாமல் நான் சுவிட்ச் போட விடமாட்டேன்.

கேஸ் கீசர் சூட்டுக்குக் குறைவைக்காது. ஆனால் பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். காற்றோட்டமான வெளிச்சுவரில் மட்டும்தான்.

உப்பு குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் எதுவும் உழைக்கும். போர் தண்ணீர் என்றால் கதை வேறு. டேங்கின் அடிமூடியைக் கழற்றி தண்ணீரைச் சுட வைக்கும் எலிமென்ட்டை இழுத்தால் வெள்ளை உப்பு கெட்டியாக ஏறியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சில்லு சில்லாக உதிரும். பக்கத்திலேயே விரல் தடிமனில் இருந்த மெக்னீசியம் ராடு கரைந்து, நடுக்கம்பி மட்டும் தொங்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வது அந்த ராடுதான். வருடத்துக்கு ஒருமுறை திறந்து, உப்பைச் சுரண்டி, ராடு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அந்த மாடலுக்கு ராடு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் அன்றைக்கே கடையில் கேட்டுவிடுங்கள்.