குழந்தை வரிச்சலுகை முன்பணம்: 2021 டாக்ஸ் ரிட்டர்னில் தவிர்க்க வேண்டியிருந்த தவறுகள்

2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை வந்தது. ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு 300 டாலர் வரை, ஆறிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைக்கு 250 டாலர் வரை. 2022இல் 2021க்கான ரிட்டர்ன் (வருடாந்தர வரிக்கணக்கு) போட உட்கார்ந்த பலரும், ரீஃபண்டாகத் திரும்பி வரும் பணத்தைப் பற்றிக் கேட்டது ஒன்றுதான்: "போன வருஷத்தைவிட ரீஃபண்ட் ஏன் குறைவா காட்டுது?"

அந்தப் பணத்தைத் தனி உதவித்தொகை என்று நினைத்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். கொரோனா காலத்து ஸ்டிமுலஸ் பணம் வேறு, இது வேறு. நீங்கள் ரிட்டர்ன் போட்டு வாங்கவேண்டிய சைல்டு டாக்ஸ் கிரெடிட்டில் (குழந்தைகளுக்கான வரிச்சலுகை) பாதியை ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) முன்கூட்டியே தந்துவிட்டது. சம்பளத்தில் பாதியை அட்வான்ஸாக வாங்கிவிட்டால் மாதக் கடைசியில் மீதிதானே கைக்கு வரும்?

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 2021க்கு அவர்களுக்கான கிரெடிட் 3,600ம் 3,000ம் சேர்த்து 6,600 டாலர். மாதம் 550 வீதம் ஆறு மாதத்தில் 3,300 வந்துவிட்டது. ரிட்டர்னில் வரவேண்டியது மீதி 3,300. முந்தைய வருடம் தலைக்கு 2,000 என்று 4,000 டாலரும் மொத்தமாக ரிட்டர்னில் கிடைத்திருக்கும். அதனால் ரீஃபண்டில் 700 குறைந்ததுபோல் தெரிகிறது. உண்மையில் குடும்பத்துக்கு 2,600 டாலர் கூடுதலாகத்தான் கிடைத்திருக்கிறது.

2022இல் அதிகம் பேர் சறுக்கிய இடம், எவ்வளவு முன்பணம் கொடுத்தது என்று சொன்ன, 6419 என்ற எண்ணுள்ள ஐ.ஆர்.எஸ். கடிதம். கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போட்டவர்களுக்கு இது ஒன்றல்ல, இரண்டாக வந்தது. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கடிதம், ஒவ்வொன்றிலும் பாதித் தொகை. மேலே சொன்ன குடும்பத்துக்கு ஆளுக்கு 1,650 என்று இருந்திருக்கும். முதலில் வந்த கடிதத்தை மட்டும் பார்த்து 1,650 என்று போட்டுவிட்டால், சாஃப்ட்வேர் மீதி 4,950 வரும் என்று காட்டியிருக்கும். பார்க்கச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் ஐ.ஆர்.எஸ். பதிவில் 3,300 கொடுத்ததாக இருந்திருக்குமே! ரிட்டர்ன் தனியே சரிபார்ப்புக்குப் போய், ரீஃபண்ட் தாமதமாகி, கடைசியில் குறைந்தே வந்திருக்கும். இரண்டு கடிதங்களும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரிட்டர்னில் இந்தக் கிரெடிட்டுக்கான படிவமான ஷெட்யூல் 8812ஐ நிரப்பியிருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதியிருக்கக் கூடாது. நடுவில் வீடோ வங்கிக் கணக்கோ மாறியிருந்தால் கடிதத்தின் தொகையே தவறாக இருக்க வாய்ப்பிருந்தது. ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் இருவரும் தங்கள் தங்கள் கணக்கில் நுழைந்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த முன்பணம் வருமானம் அல்ல. வருமானத்தில் சேர்த்து எழுதவேண்டியிருக்கவில்லை.

2021இல் குழந்தை பிறந்தவர்கள், முன்பணம் வரவில்லை என்பதால் தங்களுக்குக் கிரெடிட்டே இல்லை என்று விட்டிருக்கக் கூடாது. முன்பணம் பழைய ரிட்டர்னைப் பார்த்துக் கொடுத்தது. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்குக்கூட 3,600 முழுவதையும் 2021க்கான ரிட்டர்னில் கேட்க முடிந்தது. வருமானமே இல்லாததால் ரிட்டர்ன் போடாதவர்களும், அந்த வருடத்தில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்திருந்தால், ரிட்டர்ன் போட்டு இந்தப் பணத்தை வாங்க முடிந்தது.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்த நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியிருந்தது ஒன்று உண்டு. பிள்ளைக்கு வேலை செய்யத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கவேண்டியிருந்தது. எச்-4 என்ற குடும்ப விசாவில் வந்து ஐடின் எண் (வரிக்கணக்குக்கு மட்டுமான அடையாள எண்) மட்டும் வைத்திருந்த மூத்த பிள்ளைக்கு இந்தக் கிரெடிட் கிடைக்கவில்லை, மற்றச் சார்ந்தோருக்கான 500 டாலர் கிரெடிட்தான். அமெரிக்காவில் பிறந்த இளையவருக்குத் தாராளமாகக் கிடைத்தது. ஒரே வீட்டில் இருவருக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டார்கள்.

வருமானம் உயர்ந்தவர்களுக்கு இன்னொரு பயம்: "வாங்கியதைத் திருப்பித் தரணுமா?" 2021க்கு, சேர்ந்து போட்ட தம்பதிக்கு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிரெடிட்டில் 50 டாலர் குறைந்தது. 1,70,000 என்றால் 1,000 டாலர் குறைந்து, அதே குடும்பத்துக்கு மீதி 2,300 ஆகியிருக்கும். ஆனால் 4,00,000 டாலர் வரை பிள்ளைக்கு 2,000 என்ற அளவுக்குக் கீழே கிரெடிட் போகவில்லை. எனவே பிள்ளைகளின் எண்ணிக்கை மாறாதவரை, அவர்கள் வாங்கிய முன்பணத்தைத் திருப்பவேண்டி வரவில்லை.

எண்ணிக்கை மாறுவதுதான் சிக்கல். விவாகரத்தான பெற்றோர் வருடம் மாற்றி வருடம் பிள்ளையைத் தங்கள் ரிட்டர்னில் காட்டுவதுண்டு. 2020இல் காட்டிய தாய்க்கு முன்பணம் போயிருக்கும்; 2021இல் காட்டும் முறை தந்தையுடையது. "பாதியை அவங்க வாங்கிட்டாங்களே" என்று தந்தை பாதி மட்டும் கேட்கவேண்டியிருக்கவில்லை, முழுவதையும் கேட்க முடிந்தது. தாய்தான் வாங்கியதற்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவர் குடும்பத் தலைவர் (ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்) என்ற பிரிவில் ரிட்டர்ன் போட்டு, வருமானம் 50,000 டாலருக்குள் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு 2,000 டாலர் வரை திருப்பித் தரவேண்டியிருக்கவில்லை. தனியாள் என்றால் வரம்பு 40,000, சேர்ந்து போடுபவர்களுக்கு 60,000. அதற்கு மேல் போகப்போக இந்தப் பாதுகாப்பு குறைந்தது.

தவறான தொகையுடன் ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள்? அவர்கள் பதறி இரண்டாவது ரிட்டர்ன் அனுப்பவேண்டியிருக்கவில்லை. ஐ.ஆர்.எஸ். தன் பதிவைப் பார்த்துத் திருத்தி, மாற்றத்தை விளக்கிக் கடிதம் அனுப்பியது. அது வந்ததும் இரண்டு 6419 கடிதங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அதில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டிருக்க வேண்டும்.