நாள் குறிக்கிறோம், மறுநாளை மறக்கிறோம்: வாழ்க்கை மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் வீடுகளில் எந்த மாற்றம் என்றாலும் முதலில் நாள் பார்த்துவிடுவோம். புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு நாள், கல்யாணத்துக்கு ஒரு நாள், வளைகாப்புக்கு ஒரு நாள். நாம் பார்த்து வைக்க முடியாத பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு நாளும், பையன் ராணுவம் போன்ற கட்டாயப் பணியான தேசிய சேவைக்குக் கிளம்பும் நாளும்கூட நாள்காட்டியில் வட்டமிட்டுத்தான் இருக்கும். சரி, அதற்கு மறுநாள் என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த மறுநாளில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரில் எந்த வயதில் என்ன நடக்கும் என்பது ஏறக்குறைய எழுதியே வைத்திருக்கிறது. 7 வயதில் தொடக்கநிலை ஒன்று, 12ல் பிஎஸ்எல்இ, 18ஐ ஒட்டி ஆண்பிள்ளைகளுக்கு தேசிய சேவை, 55ல் மத்திய சேமநிதியில் ஓய்வுக்காலக் கணக்கு, 65 முதல் அதிலிருந்து மாதத் தொகை. இதெல்லாம் தெரிந்திருப்பதையே தயாராக இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

தன் காலத்துக் கணக்கில் பிள்ளையை அளப்பது

பிஎஸ்எல்இ முடிவு வந்த அன்று உறவினர் வீடுகளிலிருந்து வரும் முதல் கேள்வி இன்னமும் "எக்ஸ்பிரஸ் கிடைச்சுதா?" என்பதுதான். எக்ஸ்பிரஸ் என்ற பிரிவே இப்போது இல்லை. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்பட்டு, மொத்தம் 4க்கும் 32க்கும் இடையே வருகிறது; எண் குறையக் குறைய நல்லது. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகள் எடுக்கப்பட்டு, பாடத்துக்குப் பாடம், எளிதிலிருந்து கடினம் வரை, ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள் வந்துவிட்டன. 2027ல் ஓ நிலை, என் நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ்தான். அதாவது, கணிதத்தில் கெட்டிக்காரியாக இருக்கும் பெண் அந்தப் பாடத்தை ஜி3யிலும், மற்றவற்றை ஜி2விலும் படிக்கலாம். இது தெரியாத பெற்றோர், முடிவு வந்த அன்றே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதே இல்லை.

அப்புறம் மறுநாள் விஷயம். உயர்நிலை ஒன்றில் பிள்ளைக்குப் பள்ளி தூரம், நண்பர்கள் புதிது, இணைப்பாட நடவடிக்கை முடிந்து வர நேரமாகும். நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு: எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிப்பதில்லை. இல்லாத பள்ளியில் சேர்ந்தால், பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்குத் தனியாகப் போய்ப் படிக்க வேண்டும். ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதும்போது கடந்த ஆண்டின் நுழைவு மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர்கள், ஜனவரியில் பிள்ளை களைத்துப்போய் வந்து நிற்கும்போதுதான் இதை உணர்கிறார்கள்.

தேசிய சேவைக்கும் அதே கதை. பயிற்சி முகாம் உள்ள தெக்கோங் தீவுக்குப் படகேறும் நாளில் குடும்பமே திரண்டு போகும். இரண்டு ஆண்டுகள் முடிந்து வருபவனிடம், பதினெட்டு வயதுப் பையனிடம் பேசிய மாதிரியே "சாப்பிட்டியா, எங்க போற, எப்ப வருவ" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். அவனுடன் படித்த பெண்கள் அதற்குள் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முடித்திருப்பார்கள். அந்த இடைவெளி அவனுக்கு உறுத்தும். சேவை முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே அடுத்தது என்ன என்று அவனோடு உட்கார்ந்து பேசுவது, முடிந்த அன்று வைக்கும் விருந்தைவிட உபயோகமானது.

விடுப்பையெல்லாம் முதல் மாதத்திலேயே தீர்ப்பது

குழந்தை பிறந்ததும் அப்பா நான்கு வார விடுப்பையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறார். அந்த நேரத்தில்தான் வீட்டில் அம்மா, மாமியார், ஊரிலிருந்து வந்த சித்தி என ஆள் நிறைந்திருக்கும். பத்தியச் சமையல் ஒருபக்கம், வந்து போகிறவர்கள் ஒருபக்கம். அப்பாவுக்குக் கடைக்குப் போய் வருவதைத் தவிர வேலை கிடையாது. ஆள் எல்லாம் கலைந்து, மனைவியின் பதினாறு வார மகப்பேறு விடுப்பும் முடிந்து, அவர் வேலைக்குத் திரும்பும் வாரத்தில்தான் ஒரு கை தேவைப்படும். அப்போது விடுப்பு இருக்காது.

2025 ஏப்ரல் 1 முதல் அந்த நான்கு வாரமும் முதலாளி கட்டாயம் தர வேண்டிய விடுப்பு. முதலாளியுடன் பேசி ஒத்துக்கொண்டால் முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் பிரித்து எடுக்கலாம். அதோடு பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு வேறு இருக்கிறது: 2025 ஏப்ரலில் ஆறு வாரம், 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். யார் எப்போது எடுப்பது என்பதைக் குழந்தை பிறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வேலை போனதை மறைப்பது, சான்றிதழ் சேர்ப்பது

நாற்பதுகளில் ஆட்குறைப்பு வந்தால் நம்மிடையே முதல் எதிர்வினை வெட்கம். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது, கோயிலில் பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது, சில வீடுகளில் மனைவிக்கே தெரியக்கூடாது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். இதில் வீணாவது பெரும்பாலும் முதல் மூன்று மாதம். கையில் பணமும், பழைய அலுவலகத் தொடர்பின் சூடும் இருக்கும் மாதங்கள் அவைதான். விருப்பமின்றி வேலையிழந்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டத்தில், ஆறு மாதம் வரை மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்க வழி உண்டு. அதற்கு முந்தைய சராசரிச் சம்பளம் மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கக் கூடாது. வேலை தேடும் முயற்சிகளையும் காட்ட வேண்டும். மறைத்து வைத்திருப்பவர் இதற்கெல்லாம் விண்ணப்பிப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, எந்த வகுப்பு கிடைத்தாலும் சேர்ந்துவிடுவது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு வகுப்புக் கட்டணத்துக்கான 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை வரவு வைக்கப்பட்டது. அதற்குக் காலாவதி கிடையாது. காலாவதி இல்லாத பணத்துக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்றுதான் எனக்குப் புரிவதில்லை. இரண்டு நாள் பட்டறை நான்கு முடித்தவரிடம், எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உங்களுக்குப் பிடித்த வேலை விளம்பரங்கள் இருபதைப் படியுங்கள், அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு தேநீர் குடியுங்கள், அதன் பிறகு வகுப்பைத் தேடுங்கள். முழுநேரமாகப் படிக்கத் துணிபவர்களுக்கு, தகுதியான படிப்புகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகையும் உண்டு. அதை வாழ்நாளில் இருபத்து நான்கு மாதம் வரைதான் பெறலாம். ஆகவே யோசித்துச் செலவழிக்க வேண்டியது அதுதான்.

"இன்னும் ரெண்டு வருஷம், ஊருக்குப் போயிடுவோம்"

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்களின் தனித் தவறு இது. இரண்டு வருஷம் என்று சொல்லிச் சொல்லியே பதினைந்து வருஷம் ஓடிவிடும். வீட்டில் நல்ல மேசை வாங்க மாட்டார்கள், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தோடு பழக மாட்டார்கள், பிள்ளைகளை இங்குள்ள எதிலும் ஆழமாகச் சேர்க்க மாட்டார்கள். பிள்ளைகளோ இங்கத்துக்காரர்களாகவே வளர்ந்துவிடுகிறார்கள். திரும்புவதில் தவறில்லை, தங்குவதிலும் தவறில்லை. முடிவெடுக்காமல் இருப்பதற்குத்தான் விலை அதிகம். பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான மகனுக்கு தேசிய சேவை கட்டாயம், பதினாறரை வயதில் பதிவு செய்ய அழைப்பு வந்துவிடும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்தால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். அவன் பத்து வயதில் இருக்கும்போதே பேச வேண்டிய பேச்சை, கடிதம் வந்த பிறகு பேசுகிறார்கள்.

ஓய்வு பெற்ற திங்கட்கிழமை

ஓய்வு வயது இப்போது நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2022 ஜூலையில் 63 ஆனது, 2026 ஜூலை 1 முதல் 64, 2030க்குள் 65. மறுவேலை வயதும் கூடவே 69க்கும் 70க்கும் ஏறுகிறது. தகுதியுள்ளவருக்கு முதலாளி மறுவேலை தர முன்வர வேண்டும், ஆனால் அதே பதவியும் அதே சம்பளமும் இருக்க வேண்டியதில்லை. நம் ஆண்களில் பலர் இடறும் இடம் இது. நேற்றுவரை மேற்பார்வையாளராக இருந்தவர், நேற்றுவரை தன் கீழ் இருந்தவரிடம் கணக்குக் கொடுக்கப் பிடிக்காமல் ஒரேயடியாக விலகிவிடுகிறார். பணம் போதுமென்றால் விலகலாம், அதில் ஒன்றுமில்லை. ரோஷத்தில் விலகினால் அந்த ரோஷம் வீட்டுக்குத்தான் வரும்.

வீட்டுக்கு வந்தவர் அங்கும் மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறார். சாம்பாருக்குப் பருப்பு அதிகமா, விசிறி ஏன் ஓடுகிறது, பணிப்பெண் ஏன் இன்னும் துணி காயப் போடவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பகல் வேளையில் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்த மனைவிக்கு, இது ஓய்வு அல்ல, புது முதலாளி. தம்பதிகள் ஓய்வுக்கு முன்பே பேச வேண்டியது சேமநிதி இருப்பைப் பற்றி மட்டுமல்ல. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை யார் எங்கே இருப்பது என்பதையும் பேச வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்கு வெளியே ஒரு பொறுப்பு இருப்பது நல்லது: பகுதிநேர வேலை, கோயில் தொண்டு, பேட்டையில் உள்ள துடிப்பான மூப்படைதல் நிலையம், எதுவானாலும் சரி. உங்களுக்காக யாராவது காத்திருக்கும் பொறுப்பாக இருக்கட்டும்.

பணத்தில் பெரிய தவறு 55ல் நடக்கிறது. சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்பதாலேயே எடுத்து, மகள் கல்யாணத்துக்கோ ஊரில் நிலத்துக்கோ போட்டுவிடுகிறார்கள். மாதத் தொகையை 65ல் தொடங்காமல் 70 வரை தள்ளிப்போடலாம், தள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும் என்பதை அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேலையில் இருப்பவர், உடம்பு நன்றாக இருப்பவர் இதை யோசிக்கலாம். நோயாளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

யாரும் விழா எடுக்காத ஓய்வு ஒன்றும் உண்டு. பேரப்பிள்ளையை ஆறு வருஷம் தூக்கி வளர்த்த பாட்டிக்கு, அந்தப் பிள்ளை தொடக்கநிலை ஒன்றுக்குப் போய் பள்ளியிலேயே மாணவர் பராமரிப்பு நிலையத்திலும் சேர்ந்துவிட்டால், ஒரே நாளில் வேலை போய்விடுகிறது. மகளும் மருமகனும் "இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்கிறார்கள். கரிசனமாகச் சொன்னாலும், அவருக்கு அது வேலைநீக்கக் கடிதமாகக் கேட்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையை அழைத்துவரும் வேலையை அவருக்கே விடுங்கள்.

வீட்டை விற்று மகனோடு போவது

தாத்தாவோ பாட்டியோ தனியாகிவிட்டால், துக்கத்தின் சூடு ஆறுமுன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டு மகன் வீட்டு ஓர் அறைக்கு மாறுவது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் ஒத்துவராமல் போனால் திரும்ப இடம் இருக்காது. சிலமாதம் வாடகைக்கு விட்டோ பூட்டிவைத்தோ ஒத்திகை பாருங்கள். 55 வயதுக்கு மேல் குறுகிய குத்தகையில் ஈரறை ஃபிளெக்சி வீடு வாங்க வழி இருக்கிறது. 65ஐத் தாண்டியவர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, குத்தகையின் பின்பகுதியை வீவகவிடமே விற்றுவிட்டு அதே வீட்டில் இருக்கலாம். அந்தப் பணம் சேமநிதியில் சேர்ந்து மாதாமாதம் வரும். பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. சேர்ந்தே இருப்பதற்கும் தனித்து விடுவதற்கும் நடுவில் இத்தனை வழிகள் இருக்கின்றன.

காகிதங்களை அப்படியே விட்டுவிடுவது

மறுநாள் என்பது சட்டப்படியே உண்மையாகும் இடம் இது. கல்யாணம் ஆனதும், தனக்குப் பின் சேமநிதிப் பணம் யாருக்கு என்று அதற்கு முன் செய்திருந்த சேமநிதி நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். அம்மா பெயரில் எழுதி வைத்திருந்த மகன் அது இன்னும் செல்லும் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். மணவிலக்கு ஆனால் ரத்தாவதில்லை, முன்னாள் துணையின் பெயர் அங்கேயே இருக்கும். உயிலில் எழுதினால் போதும் என்பதும் தவறு, ஏனெனில் சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது. முன்பு எழுதிய உயிலும் பொதுவாகக் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும் (முஸ்லிம்களுக்கு வாரிசு விதிகள் வேறு).

தனக்கு முடிவெடுக்கும் திறன் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும், எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். 21 வயதான எவரும் செய்யலாம். நினைவு மங்கத் தொடங்கிய பிறகு அதைச் செய்ய முடியாமல் போகலாம். அப்புறம் குடும்பம் நீதிமன்றம் போய்த்தான் அனுமதி வாங்க வேண்டும், செலவும் நாளும் பிடிக்கும். அம்மா அப்பாவிடம் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குபவர்கள் முதலில் தங்களுக்குச் செய்துகொண்டு, "நான் செய்துட்டேன்பா, நீங்களும் செய்துடுங்க" என்று தொடங்கலாம். சேமநிதி நியமனத்தை, அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது.