காதில் இரைச்சலா? மழையை மெதுவாக ஓட விடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் ராத்திரியானால் ஆளரவமே இருக்காது. காதில் ‘ஙொய்ங்’ என்று இரைச்சல் உள்ள ஆச்சிமாருக்கு அந்த அமைதிதான் பகை. வெளிச்சத்தம் அடங்க அடங்க உள்சத்தம் பெரிதாகத் தெரியும்.

அந்த அமைதியைக் கலைக்க, ரீசவுண்ட் டின்னிடஸ் ரிலீஃப் போன்ற போன் செயலிகளில் மழை, கடலலை என்று பல ஒலிகள் உண்டு. மனசுக்குப் பிடித்ததைப் போடுங்கள். ஆனால் இரைச்சலை அமுக்கும் அளவுக்குக் கூட்டிவிடாதீர்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். இரைச்சலும் லேசாகக் கேட்க வேண்டும், மழை அதைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். அதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். இயர்போன் வேண்டாம், போனைத் தலைமாட்டில் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும்.

கேட்கும் திறன் குறைந்த பெரியவர்களுக்குக் காது மெஷினே பல நேரம் இரைச்சலை மறக்க உதவும். அதை ஒதுக்கி வைக்காதீர்கள், ஐயா!

இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.