பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடுவது எப்படி?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1941-ல், அப்பா பட்டாளத்துக்குப் போனார். கொஞ்ச நாள் மணியார்டர் வந்தது, பிறகு நின்றுவிட்டது. "பர்மாவோ, சிங்கப்பூரோ" என்பதற்கு மேல் வீட்டில் ஒரு தகவலும் இல்லை.

கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள். பென்சன் காகிதம், பழைய கடிதம் எதிலாவது படை எண் (ராணுவம் அவருக்குக் கொடுத்த எண்) இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், மனைவி பெயர், ஊர்.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இரு உலகப் போர்களிலும் பிரிட்டன், இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் படைகளில் இருந்து இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளை இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போர், இந்தியப் படை என்று வடிகட்டுங்கள்.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். 'வேலுச்சாமி' கடைசியில் ஒய் இருக்கலாம், ஐ இருக்கலாம். நடுவில் டபிள்யூ நுழைந்து 'வேலுஸ்வாமி'யும் ஆகியிருக்கலாம். இனிஷியலைப் போட்டுத் தேடாதீர்கள். பல பதிவுகளில் கூடுதல் தகவலாக 'இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன ஊர்' என்று ஒரு வரி இருக்கும். என் அனுபவத்தில் பெயரைவிட அந்த வரிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மாவட்டம் பழைய பெயரில் இருக்கும்: ராம்நாட், டாஞ்சூர், டிரிச்சினாபொலி. பாட்டியின் அப்பாவும், பாட்டியுடைய அம்மாவின் பெயரை வைத்துத்தான் கிடைத்தார். அதிலும் ஒரு எழுத்து பிசகு.

பதிவு கிடைத்ததும் இடத்தைப் பாருங்கள். கல்லறை எண் இருந்தால் அடக்கம் செய்த இடம் தெரியும். ரங்கூன் நினைவுச்சின்னம், சிங்கப்பூர் நினைவுச்சின்னம் என்றிருந்தால் கல்லறை இன்னதென்று தெரியாதவர். பெயர் மட்டும் கல்லில் இருக்கும். யாங்கூனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே தாவ்க்யானில், தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் தனிச் சின்னம் உண்டு.

இந்தப் பட்டியல் 1947 டிசம்பர் 31 வரைதான். அதற்குப் பிறகு இறந்தவரோ, உயிரோடு வேறெங்கோ தங்கிவிட்டவரோ இதில் வரமாட்டார். படை எண் கையில் இருந்தால் அந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு. உறவைக் காட்டும் வாரிசுச் சான்றிதழ் நகலையும் உடன் வையுங்கள்.